படுத்திருக்கும் புத்தர்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், மீன்தலைக் கறிக்குப் பேர்போன ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி வடக்கே நடந்தால், வாசலில் புலியும் சிறுத்தையும் காவல் இருக்கும் கோயில் ஒன்று வரும். சாக்கியமுனி புத்தகயா கோயில். ஆயிரம் விளக்குக் கோயில் என்றும் சொல்வார்கள். சென்னைக்காரர்கள் குழம்ப வேண்டாம்.

1927-இல் இதை நிறுவியவர் வுத்திசாசரா என்ற தாய்லாந்துத் துறவி. அந்த நாடு அப்போது சயாம். பணம் கொடுத்து உதவியவர்கள் ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்ற அண்ணன் தம்பி. ஊருக்குப் போகும் நம்மவர் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு கிடக்குமே டைகர் பாம், அது அவர்களுடைய சரக்குதான். ஹாவ் என்றால் புலி, பார் என்றால் சிறுத்தை. வாசலைப் பார்த்ததும் அவர்கள் நினைவு வராமல் இருக்காது.

உள்ளே 15 மீட்டர் உயரத்தில், சுமார் 300 டன் எடையில் உட்கார்ந்திருக்கிறார் புத்தர். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சிலைக்குப் பின்பக்கம் ஒரு தாழ்ந்த கதவு உண்டு. குனிந்துதான் நுழைய வேண்டும். சின்ன அறை. அங்கே புத்தர் படுத்திருக்கிறார். நம் கண்ணுக்குச் சட்டென்று ஸ்ரீரங்கத்துப் பெருமாள் போலத் தோன்றும். ஆனால் ரங்கநாதர் கொண்டிருப்பது அறிதுயில். இவருக்கு இது கடைசிப் படுக்கை.

குசிநாராவில், இரண்டு சால மரங்களுக்கு நடுவே, 80 வயதில் நடந்தது அது. கொல்லன் சுந்தன் வீட்டில் சாப்பிட்ட பிறகுதான் உடம்பு மோசமானது. அந்த வேதனையிலும், சுந்தன் மேல் யாரும் பழி போட்டுவிடக் கூடாது என்று சொல்லி வைத்தார் புத்தர். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுத சீடர் ஆனந்தரைக் கூப்பிட்டு, பிரியமான எல்லாவற்றையும் விட்டுப் பிரிய வேண்டிவரும் என்று முன்பே சொல்லவில்லையா என்று கேட்டார். தேறுதல் சொன்னவர் சாகக் கிடந்தவர்தான்.

கோயிலுக்குக் கொடுத்தவர்கள் கதையும் அப்படியே ஆனது. போர் வந்து சகோதரர்களைப் பிரித்தது. தம்பி 1944-இல் ரங்கூனில் இறந்தார், அண்ணன் 1954-இல். 1971-இல் அவர்கள் நிறுவனம் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி கைக்குப் போனது. சாலைக்குப் பெயர் தந்த குதிரைப் பந்தயத் திடல் 1933-இலேயே புக்கிட் தீமாவுக்கு மாறி, 1999-இல் கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயத்தோடு அதுவும் முடிந்தது.

அதே கோயிலில் அதிர்ஷ்டச் சக்கரம் ஒன்றும் இருக்கிறது. காசு போட்டுச் சுற்றினால் பலன் பார்த்துக்கொள்ளலாம். எதுவும் நிலையில்லை என்று சொன்னவர் சன்னதியில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வாங்கப் போகிறவர் எடுத்த எடுப்பில் குனிந்து பின்னறைக்குப் போவார் என்று எதிர்பார்க்க முடியுமா? முதலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வரட்டும்.