தூரத்தால் அளந்த நம்பகம்: சிங்கப்பூர்ப் பெருவிரைவு ரயில் தரவுகளும் பொதுமக்களும் (1987–2025)

முன்னுரை

ஒரு நாட்டின் போக்குவரத்துக் கட்டமைப்பில் மக்கள் கண்ணுக்குப் புலப்படுவது சிறிதே. நிலையமும் ரயில் பெட்டியும் தெரியும். தண்டவாளத்தின் கீழுள்ள கட்டை, மின்கம்பி, சுரங்கத்தின் நீர் இறைப்பி ஆகியவை தெரியா. இவற்றின் நிலையை அறிய நமக்கு வாய்த்த ஒரே வழி தரவு. அத்தரவு பராமரிப்புத் தொழிலாளியிடமிருந்து மேலாளருக்கும், மேலாளரிடமிருந்து அரசுக்கும், அரசிடமிருந்து மக்களுக்கும் செல்லும் பாதையில் எங்கேனும் தடைப்பட்டால், ரயிலும் ஒருநாள் தடைப்படும். சிங்கப்பூர்ப் பெருவிரைவு ரயிலின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழுதறியாத் தொடக்கம்

1987 நவம்பர் 7ஆம் நாள் இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்து நிலையங்களுடன் இந்த ரயில் சேவை தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்களின் பேச்சு பெரும்பாலும் கட்டணம், நெரிசல், புதிய பாதை ஆகியவற்றைப் பற்றியதாகவே இருந்தது. தண்டவாளத்தின் வயதைப் பற்றிக் கேட்டவர் குறைவு. புதிய பொருள் பழுதுபடுவதில்லை. பழுதுபடாத பொருளைப் பற்றி எவரும் கணக்குக் கேட்பதில்லை என்பது இயல்பே.

2011 டிசம்பர் 15ஆம் நாள் மாலை நெருக்கடி நேரத்தில் வடக்கு–தெற்குப் பாதை நின்றது. ஏறத்தாழ 127,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். இரண்டு நாள் கழித்து, 17ஆம் நாள், அதே பாதை மீண்டும் நின்றபோது மேலும் 94,000 பேர் அல்லலுற்றனர். நின்ற ரயில்களில் விளக்கும் காற்றும் அற்ற நிலையில், மூச்சுத் திணறிய பயணிகள் சாளரக் கண்ணாடியை உடைக்கவும் நேர்ந்தது.

தலைமை மாவட்ட நீதிபதி டான் சியோங் தாய் தலைமையிலான விசாரணைக் குழு 2012 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. ரயிலுக்கு மின்சாரம் தரும் மூன்றாம் தண்டவாளத்தைத் தாங்கும் கவ்விகள் கழன்று, அத்தண்டவாளம் தாழ்ந்துபோனதே தடைக்குக் காரணம் எனத் தெரியவந்தது. சில இடங்களில் கவ்விகளைத் தற்காலிகமாகப் பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டி வைத்திருந்தமையும் வெளிப்பட்டது. இதனின்று நாம் அறிவது யாது? பாதையில் இறங்கிப் பணியாற்றியோர் குறையைக் கண்டிருந்தனர். கண்டதற்கு ஒரு கட்டும் போட்டிருந்தனர். ஆயின் அந்தக் கட்டு, முடிவெடுப்போர் மேசையில் ஓர் எச்சரிக்கையாக மாறவில்லை. நடத்துநர் நிறுவனத்திற்கு 2 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

ஒற்றை எண்ணின் எழுச்சி

2015 ஜூலை 7ஆம் நாள் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு ஆகிய இரு பாதைகளும் ஒரே நேரத்தில் நின்றன. நானூறாயிரத்திற்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர். அபராதம் 5.4 மில்லியன் வெள்ளி. அவ்வாண்டு இறுதியில் கோ பூன் வான் போக்குவரத்து அமைச்சரானார். அவர் காலத்தில் ஓர் எண் பொதுவாழ்வின் மையத்திற்கு வந்தது. ரயில்கள் ஓடிய மொத்தத் தூரத்தை, பழுதினால் ஐந்து நிமிடத்திற்கு மேல் நேர்ந்த தாமதங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. எளிய தமிழில், ‘ஒரு தாமதத்திற்கும் மறு தாமதத்திற்கும் இடையே ரயில்கள் ஓடும் சராசரித் தூரம்’ எனலாம்.

2015இல் இத்தூரம் 133,000 கிலோமீட்டர்; 2016இல் 174,000; 2017இல் 181,000; 2018இல் 690,000. 2020க்குள் ஒரு மில்லியன் கிலோமீட்டர் என்ற இலக்கு 2019லேயே எட்டப்பட்டது.

இவ்வெண் ஆற்றிய நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும், பாதைக்குப் பாதை வேறுபாடு காணவும், நிதி ஒதுக்கீட்டிற்கு நியாயம் கூறவும் அது துணைபுரிந்தது. 2016 அக்டோபர் 1 முதல் ரயில்கள், சமிக்ஞைக் கருவிகள் முதலிய இயக்கச் சொத்துகளை ஏறத்தாழ 1.06 பில்லியன் வெள்ளிக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் தன் உடைமையாக்கிக் கொண்டது. சொத்து பொதுவுடைமையானபின் அதன் நிலையை அறிவதும் பொதுமக்களின் உரிமையாகிறது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

எண் சொல்லாதவை

எனினும் இவ்வெண்ணைச் சாதாரணப் பயணி எவ்வாறு புரிந்துகொள்வார்? நாள்தோறும் 20 கிலோமீட்டர் பயணம் செய்பவர் ஒரு மில்லியன் கிலோமீட்டர் கடக்க 50,000 நாள், அதாவது ஏறக்குறைய 137 ஆண்டுகள் ஆகும். அப்படியாயின் வாழ்நாளில் ஒரு தாமதத்தையும் காணமாட்டோம் என அவர் எண்ணக்கூடும். அது பிழை. அத்தூரம் அவர் செல்லும் தூரமன்று. எல்லா ரயில்களும் சேர்ந்து ஓடும் தூரம். ஒரு ரயில் நின்றால் அதன் பின்னே வரும் ரயில்களில் இருப்போரும் நிற்பர். பயணியின் பட்டறிவுக்கும் அறிவிக்கப்படும் எண்ணுக்கும் இடையே நேர்ந்த இவ்விடைவெளியே, ‘கணக்கு நன்றாக இருக்கிறது, ரயில்தான் வரவில்லை’ என்னும் கசப்புக்கு இடமளித்தது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. ஆறு நிமிடத் தாமதமும் ஒன்று. ஆறு நாள் தடையும் ஒன்று. 2024 செப்டம்பர் 25ஆம் நாள் கிழக்கு–மேற்குப் பாதையில் பழுதுற்ற ஒரு முதல் தலைமுறை ரயிலின் அச்சுப்பெட்டி கழன்று விழுந்தது. இரண்டரைக் கிலோமீட்டர் அளவுக்குத் தண்டவாளம் சேதமுற்றது. ஜூரோங் ஈஸ்ட், புவோனா விஸ்தா நிலையங்களுக்கிடையே 30ஆம் நாள் வரை சேவை இல்லை. அவ்வாண்டும் ஒட்டுமொத்தச் சராசரி ஒரு மில்லியனுக்கு மேலேயே நின்றது! முப்பது நிமிடத்தைத் தாண்டிய தாமதங்களின் எண்ணிக்கையையும் ஆணையம் தனியே வெளியிட்டு வந்தது உண்மையே; ஆயினும் மக்கள் மனத்தில் பதிந்தது ஒரு மில்லியன் என்னும் எண் ஒன்றே. மேலும், புதிய பாதைகளின் சிறப்பு, ஒட்டுமொத்தச் சராசரியில் பழைய பாதைகளின் தளர்ச்சியை மறைக்கவும் கூடும்.

மூன்றாவது, எண்ணின் வேர் பற்றியது. 2017 அக்டோபர் 7ஆம் நாள் பீஷான், பிராடல் நிலையங்களுக்கிடையே சுரங்கத்தில் மழைநீர் புகுந்து சேவை நின்றது. நீர் இறைப்பிகளின் பராமரிப்புப் பதிவேடுகளில், செய்யாத பணிகள் செய்யப்பட்டனவாகக் கையொப்பமிடப்பட்டிருந்தமை பின்னர் வெளியாயிற்று. ஏட்டில் பழுதில்லை; சுரங்கத்தில் வெள்ளம். அடித்தளத் தரவு பொய்யாயின், அதனை எத்துணை அழகுற எடுத்துரைத்தாலும் பயனில்லை.

வேறு வழிகள்

லண்டன் சுரங்க ரயில் நிர்வாகம், ஒரு தடையினால் பயணிகள் இழந்த மொத்த மணிநேரத்தைக் கணக்கிட்டது. தடை நேர்ந்த இடம், நேரம், நீடித்த அளவு ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ஹாங்காங் நிறுவனம் குறித்த நேரத்தில் முடிந்த பயணங்களின் விழுக்காட்டை வெளியிடுகிறது. இவ்விரண்டும் இயந்திரத்தின் பக்கம் நில்லாமல் பயணியின் பக்கம் நின்று அளப்பவை.

சிங்கப்பூரிலேயே நல்ல சான்று ஒன்றுண்டு. பழைய மரக் கட்டைகளை அகற்றிக் காங்கிரீட் கட்டைகள் பதிக்கும் பணியில் மாற்றப்பட்டவை 188,000. 2016 இறுதியில் அப்பணி முற்றுப்பெற்றது. இஃது எவருக்கும் விளங்கும் எண். எத்தனை கட்டைகள், எத்தனை மாறின, எத்தனை எஞ்சின என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். 2017 டிசம்பரில் பராமரிப்புக்காக ரயில்களை இரவில் முன்னதாக நிறுத்தியும் காலையில் தாமதித்துத் தொடங்கியும் ஆணையம் நேரம் பெற்றது. இத்தகைய இடையூறுக்கு மக்களின் இசைவு வேண்டும். எதற்காக இடையூறு என்பது விளங்கினால்தான் இசைவு நிலைக்கும்.

முடிவுரை

2024 நவம்பரில் அரசு, ஐந்தாண்டுகளில் ஒரு பில்லியன் வெள்ளி வரை ரயில் நம்பகத்திற்குச் செலவிடுவதாக அறிவித்தது. 2025 செப்டம்பரில், தொடர்ந்து நேர்ந்த தடைகளுக்குப் பின், நம்பகத்தன்மை குறித்த பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளில் தரவு பெருகியிருக்கிறது. ஆயின் தரவு பெருகுவது வேறு. அது விளங்குவது வேறு.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகள் எழுகின்றன. களத்தில் கண்ட குறை மேலிடத்திற்கு எத்தனை நாளில் சேர்கிறது? அறிவிக்கப்படும் எண் பயணியின் இழப்பை அளக்கிறதா, இயந்திரத்தின் ஓட்டத்தை அளக்கிறதா? அவ்வெண்ணின் அடியிலுள்ள பதிவேட்டை யார் சரிபார்க்கிறார்? தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டில் நான்காவது கேள்வியையும் நாம் சேர்க்கலாம்: இவற்றை ஒரு தமிழ்ப் பாட்டிக்கு அவர் மொழியில் சொன்னால், நாளை ரயிலை நம்பி மருத்துவமனைக்குப் புறப்படலாமா என்று அவரால் முடிவு செய்ய இயலுமா? இயலுமாயின் அத்தரவு தன் கடமையைச் செய்தது எனலாம்.