மாசி மேகமும் செஞ்சிக் கோட்டையும்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கத்தான் போவார்கள். நானும் ஒரு மாசி மாதத்தில் அதற்காகத்தான் போனேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. ராஜகிரியில் பாதி ஏறியபின் மழை பிடித்துக் கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்தேன். அங்கே ஒரு சர்ச்சையைக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது.

மழை வருமா, வராதா என்பதுதான் சர்ச்சை.

"தம்பி! மார்கழியிலே கர்ப்போட்டத்தை ஒருநாள் விடாமல் பார்த்தவன் நான். இந்த மேகத்திலே சரக்கு இல்லை" என்றார் ஒரு பெரியவர்.

"இல்லே பெரியப்பா! கிழக்கேயிருந்து ஒரு காற்றலை வருது. இதோ பாருங்க, படம்" என்று ஓர் இளைஞன் கைபேசியை நீட்டினான். வானிலை பார்ப்பதையே ஒரு பித்தாகக் கொண்டவன் போலிருக்கிறது. ஐரோப்பியக் கணக்கு ஒன்று சொல்கிறது, அமெரிக்கக் கணக்கு வேறொன்று சொல்கிறது என்று அடுக்கிக் கொண்டே போனான்.

"சர்க்கார் அறிக்கையிலே 'பெய்யக்கூடும்'னு போட்டிருக்கு. பெய்யக்கூடும்னா பெய்யாமலும் இருக்கக்கூடும்!" என்றார் மூன்றாமவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அவருடைய நெல் திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. "அதெல்லாம் இருக்கட்டும். தார்ப்பாய் வாடகைக்கு எடுக்கலாமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க" என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எதிரே நின்ற மலையைப் பார்த்தேன். முந்நூறு வருஷங்களுக்கு முன்பு இதே கேள்வியை மொகலாயப் பெரும்படை ஒன்று கேட்கத் தவறிய கதை நினைவுக்கு வந்தது.

சிவாஜியின் மகன் ராஜாராம் 1689-ல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தான். மறுவருஷம் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் கோட்டைக்கு வெளியே கூடாரம் அடித்தான். 1691-ன் முடிவில் அவனுடைய தந்தை அசாத்கானும், பாதுஷாவின் இளைய புதல்வன் காம்பக்ஷும் துணைக்கு வந்தார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று மலைகளையும் மதில் கட்டி இணைத்த கோட்டை இது. இதை முழுமையாகச் சுற்றி வளைக்க எவ்வளவு படை இருந்தாலும் போதாது. ஆகவே முற்றுகை வருஷக் கணக்கில் இழுத்தது.

வடக்கே மழைக்காலம் முடிந்து, விஜயதசமி கழிந்தபின் படை கிளம்புவது வழக்கம். நம் பக்கத்திலோ அப்போதுதான் மழையே தொடங்குகிறது! இரண்டு ஐப்பசிகளைப் பார்த்த பிறகும் அந்தப் படை தாழ்ந்த பூமியிலேயே கிடந்தது. 1692-ல் வழக்கத்துக்கு மேலாகப் பெய்து தீர்த்தது. தல்பத் ராவ் புந்தேலாவிடம் உத்தியோகம் பார்த்த பீம்சேன் என்பவர் அந்த நாட்களைப் பாரசீகத்தில் எழுதி வைத்திருக்கிறார். நாடே ஏரியாகிவிட்டதாம், தானியத்தின் விலை ஏறிவிட்டதாம், பதுங்கு குழிகளில் இரவும் பகலும் கிடந்த சிப்பாய்கள் பட்ட பாடு சொல்லி முடியாதாம்.

இந்தச் சமயம் மேலே என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலைமேல் சுனைகள், கீழ்க்கோட்டையில் சக்கரக்குளம், பக்கத்திலேயே தானியக் களஞ்சியம். கீழே ஒருவனை மூழ்கடித்த அதே மேகம் மேலே இருந்தவனுக்குக் குடிநீர் கொண்டு வந்து கொடுத்தது. மார்கழியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப் படைகளுடன் வந்து இறங்கினார்கள். முகாமில் பாதுஷா இறந்துவிட்டார் என்று வதந்தி பரவியது; ராஜாராமுடன் இரகசியமாகப் பேசிய காம்பக்ஷை அசாத்கானே சிறைப்பிடிக்க நேர்ந்தது. 1693 ஜனவரியில் முற்றுகையைக் கைவிட்டு எல்லோரும் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். கோட்டை 1698-ல்தான் விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டான்.

பெரியவரின் கர்ப்போட்டமும் அந்தப் படையெடுப்பைவிடப் பழைய சங்கதிதான். மேகம் கருவுற்று 195 நாட்களில் மழையாகப் பிறக்கும் என்று வராகமிகிரர் பிருஹத் சம்ஹிதையில் கணக்குச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரர்களும் இதே ஆசையில் விழுந்தவர்கள்தாம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வான் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. தாது வருஷப் பஞ்சத்துக்குச் சற்று முன்பு, 1875-ல், இந்திய வானிலைத் துறை பிறந்தது. அதன் முதல் தலைவர் பிளான்போர்டு, இமயமலையில் விழும் பனியை அளந்து 1886-ல் முதன்முதலாகப் பருவமழைக்கு ஆரூடம் சொன்னார். அடுத்து வந்த எலியட்டின் ஆரூடங்கள் பக்கம் பக்கமாக நீண்டன. 1899-ல் நல்ல மழை என்றார் அவர். வந்ததோ கொடும் பஞ்சம். பத்திரிகைகள் கிழித்த கிழியில் சில ஆண்டுகள் ஆரூடம் அதிகாரிகளின் கண்ணுக்கு மட்டும் காட்டப்படும் இரகசியமாயிற்று!

எலியட்டுக்குப் பின் 1904-ல் வந்தவர் கில்பர்ட் வாக்கர். அவர் வானிலை படித்தவர் அல்ல, கணித மேதை. உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி, பசிபிக் கடலும் இந்தியக் கடலும் தராசுத் தட்டுகள்போல் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தவர் இவரே. ஆனால் எனக்கு அவர்மேல் உள்ள பிரியம் வேறு காரணத்தால். 1913 பிப்ரவரியில், அதாவது இதேபோன்ற ஒரு மாசியில், சென்னைக்கு வந்தவரிடம் துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா ஒருவரின் கணக்குகளைக் காட்டினார்கள். இவருக்கு உதவிச் சம்பளம் கொடுங்கள் என்று சர்வகலாசாலைக்கு உடனே கடிதம் எழுதினார் வாக்கர். குமாஸ்தாவின் பெயர் ராமானுஜன். மழையைக் கணிப்பதைவிட மனிதனைக் கணிப்பது சில சமயம் சுலபம் போலும்!

மாசி, பங்குனி மழை எந்த மேதைக்கும் எளிதில் அகப்படுவதில்லை. வடகிழக்குப் பருவமழை போய்விட்டது. கோடை இடி இன்னும் பிறக்கவில்லை. கிழக்கிலிருந்து ஓர் அலை சற்றுத் தெற்கே விலகினால் வெறும் வெயில். வடக்கே ஏறினால் கொட்டும். 2008 மார்ச்சில் அப்படித்தான் தமிழ்நாட்டில் பருவம் தப்பிக் கொட்டியது. அந்த மழை எள் விதைத்தவனுக்கு அமிர்தம், களத்தில் நெல் வைத்தவனுக்கு நஷ்டம், மாந்தோப்புக் குத்தகைக்காரனுக்குப் பூ உதிர்ந்த துக்கம். 'பெய்யக்கூடும்' என்ற ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கிறார்கள். நான் கோட்டை ஏறலாமா என்று கேட்டேன். நெல்காரர் வருஷத்து உழைப்பை வைத்துக்கொண்டு கேட்டார்.

நான் கோட்டை ஏறவே இல்லை. சாயங்காலம் திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து விற்பனைக் கூடத்தைக் கடந்தேன். நெல் குவியலின்மேல் தார்ப்பாய் ஏறிக் கொண்டிருந்தது. ஒரு முனையை நெல்காரர் இழுத்தார். மறுமுனையில் கயிற்றைப் பிடித்துக் கல் வைத்துக் கொண்டிருந்தவர், மேகத்தில் சரக்கு இல்லை என்று சொன்ன அந்தப் பெரியவர்.