ஃபிட்டருக்குத் தாள் இருக்கிறது, தறிக்காரருக்கு?



போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் கிராமம். மழை பொய்த்த வருடம் அவருடைய அப்பா நிலத்தைப் போட்டுவிட்டு, அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்ட வந்தார். மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, குஜராத்தில் வேலை பார்த்து, இப்போது ஓசூரில் இருக்கிறார்.

"அந்த ஒரு சர்டிபிகேட் போதும் சார், எந்த ஊர்லயும் எடுத்துக்கிட்டாங்க" என்றார்.

இங்கே வாங்கிய தாள் குஜராத்தில் எப்படிச் செல்லுபடியாகிறது? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1950-ல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1956-ல் ஐ.டி.ஐ.க்களை நடத்தும் பொறுப்பு மாநிலங்களுக்கு வந்தது. மாநிலத்துக்கு ஒரு பாடம், ஒரு தேர்வு என்று ஆகிவிடக் கூடாதல்லவா? அதற்காக அதே ஆண்டில் ஒரு தேசியக் குழு அமைத்தார்கள். பின்னாளில் என்.சி.வி.டி. என்று நாம் அறிந்தது அதுதான். மத்திய, மாநில அரசுகளோடு முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் உட்கார்ந்தார்கள். ஃபிட்டர் என்றால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் ஒன்றானது.

வகுப்பறை மட்டும் போதாது என்று 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. ஆலைகளும் தங்கள் இயந்திரத்தில் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்றது அது.

2007-ல் 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்தும் திட்டத்தில், நிர்வாகக் குழுவின் தலைமை தொழில்துறையினரிடம் தரப்பட்டது. 2008-ல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம்: தனியார் பங்கு 51 சதவீதம், அரசின் பங்கு 49. அதன் வழியே ஜவுளி, வாகனம், கட்டுமானம் என்று துறைவாரியாகத் திறன் குழுக்கள் வந்தன. ஒவ்வொரு வேலைக்கும் தரத்தை எழுதுவது அவற்றின் பணி. 2013-ல் அந்தத் தரங்களைப் படிப்படியாக அடுக்கிய தேசியத் தகுதிக் கட்டமைப்பு; 2018-ல் எல்லாவற்றையும் மேற்பார்க்க என்.சி.வி.இ.டி. நம் மாநிலத்திலும் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்தினார்கள்.

நல்லதுதான். ஆலையில் இல்லாத பழைய இயந்திரத்தில் பழகி வந்தால் பிள்ளைக்கு என்ன பயன்? தொழில்துறை உள்ளே வரத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. 1956-ல் அந்த மேசையில் தொழிலாளிக்கும் நாற்காலி இருந்தது. துறைத் திறன் குழுக்களில் முன்னிற்பது தொழில்துறைதான். முதலாளிக்கு என்ன திறமை வேண்டும் என்று எழுதுகிறார்கள். அந்தத் திறமைக்கு என்ன கூலி என்று அந்தத் தாளில் எழுதுவதில்லை.

மாணவரின் அப்பா முப்பது வருடம் தறி ஓட்டியவர். சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்வார். படிக்காமல் தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு இன்று அரசிடம் உண்டு. அதைப் பற்றிச் சொன்னேன்.

"வாங்கலாம் சார். அதைக் காட்டினா முதலாளி பத்து ரூபா கூட்டிக் கொடுப்பாரா?" என்றார் மாணவர்.

என்னிடம் பதில் இல்லை. தரம் எழுதும் மேசையில் அவருடைய அப்பாவைப் போன்ற ஒருவரும் உட்கார்ந்திருந்தால், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

உங்கள் வீட்டில், தெருவில் இப்படித் தாள் இல்லாத தொழில்காரர்கள் இருந்தால் அவர்களைப் பற்றி எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.