கம்பளி மில்லில் பிறந்த புல்வெட்டி

இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் என்றொரு ஊர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் ஓடைக்கரை நெடுக கம்பளி மில்கள். பட்டாளத்துக்காரர்களின் சிவப்புச் சட்டைத் துணிக்குப் பேர்போன வட்டாரம் அது. தறியிலிருந்து இறங்கிய கம்பளியை அப்படியே தைத்துவிட முடியாது. நனைத்து இறுக்கி, முள் நிறைந்த ஒரு செடியின் காய்ந்த பூத்தலையால் வாரி, இழைகளைச் சிலிர்க்க வைப்பார்கள். பிறகு அந்தப் பிசிறை ஒரே மட்டமாகக் கத்தரிக்க வேண்டும். ஆட்கள் பெரிய கத்தரிக்கோல் பிடித்துச் செய்துவந்த அந்த வேலையை, சுருள் கத்திகள் பொருத்திய ஓர் உருளை செய்யத் தொடங்கியிருந்தது.

மில்களுக்கு இயந்திர வேலை செய்துவந்த எட்வின் பியர்ட் பட்டிங்குக்கு அதைப் பார்த்து ஒரு யோசனை தோன்றியது. கம்பளிப் பிசிறை இவ்வளவு சீராக வெட்டுகிற உருளை, புல்லை வெட்டாதா? பக்கத்திலேயே த்ரப் கிராமத்தில் ஃபீனிக்ஸ் இரும்புப் பட்டறை நடத்திய ஜான் ஃபெராபி அவரோடு கூட்டுச் சேர்ந்தார். 1830 ஆகஸ்ட் 31 அன்று காப்புரிமை கிடைத்தது. ஊரார் கேலிக்குப் பயந்து பட்டிங் இரவில்தான் அதை ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு.

அதுவரை புல்தரை என்பது பணக்காரர் சமாச்சாரம். ஆடுகளை மேயவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் உயரக் காம்பு பூட்டிய அரிவாளை வீசத் தெரிந்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அரிவாள்காரர்கள் விடியற்காலைப் பனி ஈரம் உலர்வதற்குள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறிக் காய்ந்த புல் கத்திக்கு அறுபடாமல் வளைந்து கொடுக்கும். வெட்டி முடித்த இடத்தைப் பெருக்கி அள்ள இன்னும் சிலர் வேண்டும்.

பட்டிங்கின் இயந்திரம் இந்தக் கணக்கையே மாற்றியது. 19 அங்குல அகலம்; இரும்புச் சட்டம். பின்னால் ஒரு கனத்த உருளை. தள்ளும்போது அது சுழலும். பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைப் பல மடங்கு வேகமாக்கி முன்னாலுள்ள கத்தி உருளைக்குக் கொடுக்கும். சுழலும் சுருள் கத்திகளுக்குக் கீழே அசையாத ஒரு தட்டைக் கத்தி. இரண்டுக்கும் நடுவே மாட்டிய புல் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் நறுக்கென்று அறுபட்டு, முன்னாலிருக்கும் தட்டில் விழும். ஈரம் தேவையில்லை, உலர்ந்த புல்தான் இதற்கு உகந்தது. கனம் அதிகம் என்பதால், ஒருவர் தள்ள இன்னொருவர் இழுக்க முன்னாலும் ஒரு பிடி இருந்தது.

லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டமும் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளும் முதல் வாடிக்கையாளர்கள். அரிவாளும் துடைப்பமுமாக ஆறு அல்லது எட்டுப் பேர் பார்க்கும் வேலையை இது பார்க்கிறது என்று விலங்கியல் தோட்டத்து மேஸ்திரி நற்சான்று கொடுத்தார். நாட்டுப்புறக் கனவான்கள் தாங்களே தள்ளினால் பொழுதுபோக்கோடு உடற்பயிற்சியும் ஆகும் என்று காப்புரிமைப் பத்திரத்திலேயே பட்டிங் எழுதிவைத்திருந்தார்.

பிறகு இயந்திரமும் புல்தரையும் போட்டி போட்டு வளர்ந்தன. 1832-இல் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரிப்பில் இறங்கியது. 1840-களில் ஸ்காட்லாந்தின் ஷாங்க்ஸ் மட்டக்குதிரை பூட்டும் புல்வெட்டியைச் செய்தார். குளம்பு புல்லில் பதியாமலிருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள். 1859-இல் லீட்ஸ் நகரத்துத் தாமஸ் கிரீன் பற்சக்கரங்களுக்குப் பதில் சங்கிலி பூட்டி இரைச்சலைக் குறைத்தார். 1893-இல் நீராவி வந்தது. 1902-இல் ரான்சம்ஸின் பெட்ரோல் புல்வெட்டி விற்பனைக்கு வந்தது.

எஞ்சின் வந்தபின் வெட்டும் விதமும் மாறியது. அடியில் ஒற்றைக் கத்தி நிமிடத்துக்குச் சுமார் 3,000 முறை சுழன்று புல்லை அடித்து அறுக்கும். எவ்வளவு உயரமாக வளர்ந்திருந்தாலும் கவலையில்லை. ஆனால் நுனி கிழிந்து பழுப்பேறும். இரைச்சலும் புகையும் கூடவே வரும். கார்களுக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்தச் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் கிடையாது. தொழில்முறைப் புல்வெட்டி ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமூட்ட மாசு, புதிய டொயோட்டா காம்ரி காரைச் சுமார் 480 கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் கணக்கிட்டது. அந்த மாநிலம் 2021-இல் சட்டம் இயற்றி, 2024 முதல் தயாராகும் இத்தகைய புதிய எஞ்சின்கள் புகையே விடக் கூடாது என்றாக்கியது.

எனவே கடைகளில் இப்போது பேட்டரிப் புல்வெட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா 1995-லேயே சூரிய ஒளியில் தானே ஓடும் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. அதே வரிசையின் ஓரத்தில், விலை குறைந்த ஒன்றும் இருக்கும்: கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டி. பட்டிங்கின் அமைப்பு அப்படியே. எடை மட்டும் குறைந்திருக்கிறது.

வீட்டுக்கு எது என்பதைப் புல்தரையே சொல்லிவிடும். சமதளமான சின்னத் தரைக்குக் கைப்புல்வெட்டி போதும். சரிவோ மேடுபள்ளமோ முரட்டுப் புல்லோ இருந்தால் மின்சாரம் நல்லது. பேட்டரி வாங்குவதாயிருந்தால் அதே பேட்டரியில் தோட்டத்தின் மற்ற கருவிகளும் ஓடுமா என்று பார்த்துக்கொள்ளலாம். கைப்புல்வெட்டிக்குச் சில நியமங்கள் உண்டு. கல், குச்சிகளை முதலில் பொறுக்கிவிட வேண்டும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. உருளையை மெல்லச் சுற்றி ஒரு காகிதத்தைக் கத்திகளுக்கிடையே கொடுத்துப் பார்க்க வேண்டும். அறுபடாமல் மடங்கினால் கத்தியைச் சரிசெய்யும் நேரம் வந்துவிட்டது. வெட்டிய தூளை அள்ள வேண்டாம். மக்கி, அதிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்கே திரும்பும்.

கைப்புல்வெட்டியின் ஒரே பிடிவாதம், தவணை தப்பக் கூடாது என்பது. புல் ஓங்கிவிட்டால் உருளை அதைச் சாய்த்துவிட்டு மேலே போய்விடும். எஞ்சின் விற்றது வேகத்தை மட்டுமல்ல, ஒத்திப்போடும் வசதியையும்தான். ஆகவே எந்தப் புல்வெட்டி என்று கேட்பதற்குமுன், வாரம் ஒருமுறை நாமே தள்ளி முடிக்கக்கூடிய புல்தரை எவ்வளவு என்று அளந்துகொள்வது நல்லது. மிஞ்சுகிற இடத்தில் செடியோ மரமோ வைத்துவிட்டால், 1830-க்குப் பின்வந்த எந்த இயந்திரமும் அந்தத் தோட்டத்துக்குத் தேவைப்படாது.