பயிற்சிக்களமும் நினைவுக்களமும்

போர் நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் மூவகை இடங்களில் எழுப்பப்படுவன. வீரர் மடிந்த களம் ஒன்று. அவர் பிறந்த ஊர் மற்றொன்று. அரசின் தலைநகர் மூன்றாவது. இம்மூன்றினுள்ளும் அடங்காத சின்னமொன்று ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலே, ஸ்பீன் பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அண்மையில் நிற்கின்றது. இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த பிரித்தானியக் கொமாண்டோ வீரரின் நினைவாக 1952ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி திறந்துவைக்கப்பட்ட இச்சின்னம், அவர்கள் மடிந்த இடத்திலன்றிப் பயின்ற இடத்திலேயே அமைந்தது. இவ்வாறு அமைந்தமைக்குக் காரணம் யாது, இந்நினைவு எவற்றைக் கூறி எவற்றைக் கூறாது விடுத்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1940ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் பிரித்தானியப் படைகள் டன்கேர்க் கடற்கரையினின்று தம் நாட்டுக்குத் திரும்பின. ஐரோப்பாவின் மேற்குக் கரை முழுவதும் ஜேர்மனியரின் கைப்பட்டுக்கொண்டிருந்த அவ்வேளையில், பெரும்படை கொண்டு எதிர்த்தாக்குதல் நடத்தும் வலிமை பிரித்தானியாவுக்கு இருக்கவில்லை. எனவே சிறுபடைகள் இரவில் கடல் கடந்து சென்று தாக்கித் திரும்பும் முறையைப் பிரதமர் சேர்ச்சில் விரும்பினார். லெப்டினன்ட் கேணல் டட்லி கிளார்க் என்பார் அதற்கான திட்டத்தை வகுத்தார். கொமாண்டோ என்னும் பெயர் தென்னாபிரிக்கப் போயர்களிடமிருந்து பெறப்பட்டது. 1899 முதல் 1902 வரை பிரித்தானியப் பேரரசை அலைக்கழித்த போயர்களின் குதிரைப்படைப் பிரிவுகளே அப்பெயரால் வழங்கப்பட்டன. பகைவனிடம் பட்ட அடியைப் பேரரசு தனக்குப் பாடமாக்கிக்கொண்டது எனலாம்.

இப்படையினர் பல்வேறு படைப்பிரிவுகளிலிருந்து தாமாக முன்வந்தோராவர். பழைய படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாவட்டமும் கொடியும் நெடிய மரபும் இருந்தன. கொமாண்டோக்களுக்கு அவற்றுள் எதுவும் இல்லை. தொடக்கத்தில் அவர்களுக்குப் பாசறைகூட இல்லை. நாளொன்றுக்கு ஒரு தொகை வழங்கப்பட்டு, உறையுளையும் உணவையும் அவரவரே ஊர்மக்களின் வீடுகளில் தேடிக்கொள்ளுமாறு விடப்பட்டனர். கட்டளைக்குக் காத்திராது தாமே சிந்தித்துச் செயற்படும் பழக்கம் இவ்வகையில் வளர்க்கப்பட்டது. தகுதியற்றவருக்கு அளிக்கப்பட்ட பெருந்தண்டனை, பழைய படைப்பிரிவுக்குத் திருப்பியனுப்பப்படுதலே.

1942இல் அக்னகாரி என்னுமிடத்தில், கமரன் குலத் தலைவரின் மாளிகையைச் சூழ, பொதுப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் தலைவராக விளங்கியவர் லெப்டினன்ட் கேணல் சார்ள்ஸ் வோன். ஸ்பீன் பிரிட்ஜ் புகையிரத நிலையத்தில் இறங்கியோர் முழுச்சுமையுடன் ஏறத்தாழ 7 மைல் நடந்தே நிலையத்தை அடைதல் வேண்டும். மலையேற்றம், கயிற்றுப்பாலத்தால் ஆறு கடத்தல், 7 மைலை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்திற் கடக்கும் விரைநடை, இரவிற் படகிலிருந்து கரையிறங்கல் என்பன பயிற்சியின் கூறுகள். கரையிறங்கும்போது உண்மையான குண்டுகளே அவர்களுக்கு அருகாற் சுடப்பட்டன. பயிற்சியிலேயே சிலர் உயிரிழந்தனர். பிரித்தானியரோடு அமெரிக்கர், பிரெஞ்சுக்காரர், பெல்ஜியர், ஒல்லாந்தர், நோர்வேயர் எனப் பல நாட்டவரும் இங்கு பயின்றனர். பயின்றோர் தொகை ஏறத்தாழ 25,000 என்பர்.

இந்நிலையத்தின் நுழைவாயிலில் வைக்கப்பட்ட பொய்க் கல்லறைகள் சிறப்பாகக் கருதற்பாலன. ஒவ்வொன்றின் மேலும் அங்கே 'கிடப்பவன்' செய்த தவறு எழுதப்பட்டிருந்தது. ஒருவன் மலைமுகட்டில் தன் உருவத்தைப் பகைவன் காண நின்றவன். மற்றொருவன் வேறொரு விதியை மறந்தவன். இங்கே கல்லறை இரங்கலுக்குரியதன்று. அது ஒரு பாடநூல். இறந்தவனைப் போற்றாது, இறவாதிருக்கும் வழியை அது கற்பித்தது.

பாடம் எல்லோரையும் காக்கவில்லை. 1942 மார்ச் 28இல் பிரான்சின் சென் நசேர் துறைமுகத்தில் நிகழ்ந்த தாக்குதலில் அங்கிருந்த பெரிய கப்பற்றளம் போர் முடியும்வரை பயன்படாதவாறு தகர்க்கப்பட்டது. கடற்படையினரும் கொமாண்டோக்களுமாக 169 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 18இல், பிடிபடும் கொமாண்டோக்கள் சீருடையுடன் சரணடைந்தாலும் கொல்லப்படவேண்டும் என ஹிட்லர் மறைவாகக் கட்டளையிட்டான். டிசெம்பரில் சிறு வள்ளங்களில் போர்தோத் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற கடற்படைக் காலாளர் பதின்மருள் அறுவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். இருவர் குளிராலும் நீராலும் மாண்டனர். மேஜர் ஹஸ்லரும் மற்றொருவரும் மட்டுமே மீண்டனர்.

இவ்வாறு நோர்வே முதல் பர்மா வரை சிதறி மடிந்தோருக்குப் பொதுவான களம் ஒன்று இருக்கவில்லை; பொதுவான ஊரும் இருக்கவில்லை. அவர்களுட் பெரும்பாலோருக்குப் பொதுவாயிருந்தது பயிற்சி நிலமே. ஸ்கொட் சதர்லாந்து என்னுஞ் சிற்பி வார்த்த மூன்று வெண்கல வீரர் பென் நெவிஸ் மலையை நோக்கி நிற்கின்றனர். இந்நாடே அவர்களது பயிற்சிக்களம் என்னுங் கருத்தும் பீடத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. தரைப்படையின் கொமாண்டோப் பிரிவுகள் போரின் பின் கலைக்கப்பட்டமையால், சின்னத்தின் தேவை மேலும் மிகுந்தது. அருகிலுள்ள நினைவுப் பூங்காவிற் பிற்காலப் போர்களில் இறந்தோரின் படங்களையும் உறவினர் வைத்துச் செல்கின்றனர்.

ஆயினும் பொது உருவம் ஒவ்வொருவரின் வரலாற்றையும் கூறாது. 10ஆம் கொமாண்டோவின் 3ஆம் பிரிவினர் ஜேர்மனி, ஒஸ்திரியா முதலிய நாடுகளிலிருந்து தப்பிவந்த அகதிகள். அவருட் பெரும்பாலோர் யூதர். பிடிபட்டால் தமக்கும் உறவினர்க்கும் நேரக்கூடிய கதியை அஞ்சி, ஆங்கிலப் பெயர்களையும் பொய்யான பிறப்பு வரலாறுகளையும் ஏற்றுக்கொண்டனர். மடிந்தவர் பலர் அப்பொய்ப் பெயருடனேயே சிலுவையின்கீழ் அடக்கஞ் செய்யப்பட்டனர். சிலருடைய கற்கள் மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டன. அக்னகாரியில் கல்லறை பொய், அதன் பாடம் மெய். இங்கோ கல்லறை மெய், அதன் பெயர் பொய்.

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமன்று. கொமாண்டோ நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாயிருந்த மவுண்ட்பேற்றன் பிரபு, 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டிலேயே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையின் பெயர் தாங்கிய முகாமில், வள்ளங்களாலும் நீச்சலாலும் பகைக்கரையை உளவறியும் சிறு நடவடிக்கைக் குழு அமைக்கப்பட்டது. போர்தோவினின்று மீண்ட ஹஸ்லரும் அக்குழுவிற் பணியாற்றினார். இங்கு பயின்றோர் அரக்கான் கரைக்கும் ஐராவதி ஆற்றுக்கும் சென்றனர். நம் கடலும் ஒருகாலத்திற் பயிற்சிக்களமாயிருந்தது என்பதை நம்முள் எத்துணைப்பேர் அறிவோம்?

சின்னம் எழுப்புதல் அரசுக்கும் தோழர்க்கும் உரிய பணி. அதன் அடியில் எவர், எப்பெயரால், எந்நாட்டிலிருந்து வந்து மடிந்தார் என வினவுதல் வரலாற்று மாணவர்க்குரிய பணி. வெண்கலம் மூவரை ஓருருவாக்கி நிறுத்துகின்றது. அவர்களை மீண்டும் தனித்தனி மனிதராக்கி அவரவர் பெயரை அவரவர்க்கு மீட்டளிப்பதே வரலாற்றின் கடமையாகும்.