அரசனுக்கும் வந்த வயிற்றுவலி



சென்ற வாரம் என் அக்கா பேரனுக்குக் குடல்வால் ஆபரேஷன். நலமாக இருக்கிறான். பார்க்க வந்தவர்களோ, "கொய்யாவை விதையோடு தின்றிருப்பான்", "சாப்பிட்டதும் ஓடியிருப்பான்" என்றே பேசினார்கள். வரலாறு நடத்தியவன் அல்லவா, ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1902ஆம் ஆண்டு ஜூன் 26. இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா என்று நாள் குறித்தாயிற்று. ஜெய்ப்பூர் மகாராஜா பெரிய வெள்ளிக் குடங்களில் கங்கை நீரோடு லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். மன்னருக்கோ ஒரு வாரத்துக்கும் மேலாக வயிற்றுவலி. விழா முடியட்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மருத்துவர் ஃபிரடெரிக் டிரீவ்ஸ் விடவில்லை. 1900இல் சொந்த மகளையே இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். ஜூன் 24 அன்று அரண்மனையிலேயே வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார். மன்னர் பிழைத்தார். ஆகஸ்ட் 9 அன்று முடிசூடினார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, பெருங்குடலின் தொடக்கத்தில்தான் கோளாறு என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். 1886இல் பாஸ்டனின் ரெஜினால்ட் ஃபிட்ஸ்தான், குற்றவாளி குடல்வால் என்று காட்டி 'அப்பெண்டிசைட்டிஸ்' எனப் பெயரிட்டார். தாமதிக்காமல் அறுவை செய்யவும் வலியுறுத்தினார்.

பெரும்பாலும் இறுகிய மலமோ, உள்ளே வீங்கிய திசுவோ குடல்வாலை அடைப்பதால் வருவது இது. விதையால் வருவது மிக மிக அரிது. ஓடுவதால் வராது. 10 முதல் 30 வயதுக்காரர்களுக்கு அதிகம். ஆனால் எந்த வயதிலும் வரலாம். குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

இப்போது என் தவறு. எண்பதுகளில், அரையாண்டுத் தேர்வு நாளில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தொப்புளைப் பிடித்துக்கொண்டு "வலிக்குது சார்" என்றான். பரீட்சைப் பயம் என்று அதட்டி உட்கார வைத்தேன். மதியம் வலி நின்றது என்றான். நான் சொன்னது சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் குடல்வால் வெடித்திருந்தது. பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். இன்று அவனும் இதைப் படிப்பான். மன்னித்துவிடப்பா.

பிள்ளைகளே, வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வலப்பக்கம் கீழே இறங்கலாம். விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். வலி திடீரென்று நின்றாலும் நம்பாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். அரசனே விழாவைத் தள்ளிவைத்தான். நமக்கு ஒரு பரீட்சைதானே!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்