காலி ஹால் பிறந்த கதை

சிங்கப்பூரில், செங்காங்கின் புது வீவக வீடுகளில் இப்போது ஒரே சாயலில் பல ஹால்கள். வெள்ளைச் சுவர், வெளிர் மரத்தரை, ஒரு சோபா, ஒரு செடி. "குறைவாக வைத்திருங்கள், மனம் இலேசாகும்" என்று காணொளியில் சொல்பவர்கள் உட்கார்ந்து பேசுவதும் இப்படிப்பட்ட ஹாலில்தான்.

இதன் பூர்வீகத்தைத் தேடினால் ஜப்பானுக்குப் போக வேண்டும். 1980இல் செய்யூ பேரங்காடி, முஜி என்ற பெயரில் 40 பொருள்களை விற்பனைக்கு வைத்தது. அவற்றில் ஒன்று உலர்ந்த காளான். உடைந்துபோனதை ஒதுக்காமல் எளிய பையில் போட்டு மலிவாகக் கொடுத்தார்கள். குழம்பில் நறுக்கித்தானே போடப்போகிறோம், முழுசாக இருந்தால் என்ன, உடைந்திருந்தால் என்ன? நம் பாட்டிமார்கள் உடனே ஒப்புக்கொள்ளும் நியாயம் இது. அந்த எளிமை சிக்கனத்தில் பிறந்தது. பின்னால் வந்தவர்கள் அதன் நிறத்தையும் வடிவத்தையும் எடுத்துக்கொண்டு சிக்கனத்தை விட்டுவிட்டார்கள்.

2019 ஜனவரியில், வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் ஜப்பானியர் மாரி கொண்டோவின் நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மகிழ்ச்சி தராத பொருளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் சொந்தமாக இணையக் கடை திறந்தார். அங்கே ஓர் இசைக்கவையும் படிகக் கல்லும் சேர்ந்து 75 அமெரிக்க டாலருக்கு விற்பனைக்கு வந்தன.

சிறிய அளவில் இதையே செய்கிறவர்களுக்குக் கடைகூடத் தேவையில்லை. காணொளிக்குக் கீழே உள்ள இணைப்பை அழுத்தி நாம் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன். அமேசான் 1996இலேயே பரப்பிய முறை இது. வீட்டைக் காலி செய்யக் கற்றுத்தருகிறவர், பிழைப்புக்காக ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு டப்பாவைக் காட்டியாக வேண்டியிருக்கிறது.

வாங்கியதெல்லாம் எங்கே போகிறது? செங்காங்கில் அதற்கு இடம் தயாராகவே இருக்கிறது. புது வீடுகளில் காப்பறை கட்டாயம் என்ற சட்டம் 1997இல் வந்தது. இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை. கான்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவு. எல்லாரும் அதை பாம் ஷெல்ட்டர் என்பார்கள். அமைதிக் காலத்தில் அது சாமான் அறை. 11.11 தள்ளுபடியில் வந்த பெட்டிகள், இரண்டாவது வேக்குவம், ஒருமுறை பயன்படுத்திய ஏர்ஃபிரையர் எல்லாம் உள்ளே. கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஹால் காலியாக இருப்பது இந்த அறையின் தயவில்தான்.

எனக்கு வலிப்பது வீட்டுக் கடனோடு குடிவந்த இளம் தம்பதியரை நினைத்துத்தான். அம்மா கொடுத்த எவர்சில்வர் டப்பாக்கள் இன்னும் முப்பது வருடம் உழைக்கும். அவற்றைப் பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளத்தில் தள்ளிவிட்டு ஒரே அளவில் கண்ணாடி ஜாடிகள் வாங்குகிறார்கள். செலவு செய்தது தெரிகிறது, ஆனாலும் சிக்கனமாக வாழ்வதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை அவர்களிடம் விதைத்தவர்களுக்குப் பொறுப்பு உண்டு. பணம் பெற்றுப் பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2016இல் சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் நெறிமுறை வகுத்தது. அதோடு, அந்த வருடம் தாங்கள் வாங்கியவற்றின் பட்டியலையும் அவர்கள் காணொளிக்குக் கீழே போட வேண்டும் என்பேன் நான்.